கணக்கில் வராத பந்துகள்

இரவு பதினொன்றரை மணி வாக்கில் கராஜ் கதவு மேலே ஏறும் சத்தம் கேட்கும். உடனே என் மாமியார் எழுந்து சமையலறை விளக்கைப் போடுவார். சோற்றையும் பருப்பையும் சூடு பண்ணி மேசையில் வைப்பார். எங்கள் வீட்டில் தங்கியிருந்த பையன் பேஸ்பால் ஆட்டம் முடிந்து வந்துவிட்டான் என்று அர்த்தம். இடது தோளில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு அப்படியே வந்து உட்காருவான். மாமியார் தினமும் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னைக்குப் பந்து போட்டியாப்பா?" கோடை விடுமுறை என்பதால் என் மகனும் தூங்காமல் காத்திருப்பான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பாட்டியின் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்வான், பதிலைத் தமிழில் சொல்வான்.

"போட்டானாம் பாட்டி. ஆனா கணக்குல வராதாம்."

"கணக்குல வராததுக்கு எதுக்குடா ஐஸு?"

அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்கு விளங்க மூன்று வருடம் ஆனது. இடக்கைப் பிள்ளையை பேஸ்பாலில் சேர்த்திருக்கும் நம் பெற்றோர் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தாமதமாகப் புரிந்தது அவர்களுக்கு முன்னமே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய ஓர் ஊர். கணவருக்கு டிராக்டர் கம்பெனியில் வேலை, எனக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில். இந்தப் பகுதியில் அப்போது சின்னச் சின்ன ஊர்களில்கூடத் தொழில்முறை பேஸ்பால் அணி இருந்தது. மேஜர் லீக் எனும் பெரிய லீகில் ஆடும் அணிகள் தங்கள் இளம் வீரர்களைப் பழக்குவதற்காக வைத்திருந்த கீழ்நிலை அணிகள் அவை. அப்போது அந்த வீரர்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் வாடகை கொடுத்து வாழ முடியாது. அதனால் உள்ளூர்க் குடும்பங்கள் ஆளுக்கு ஒருவரை வீட்டில் வைத்துக்கொள்வது அன்று வழக்கம். காசு கிடையாது, ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் தருவார்கள். 2016 வசந்த காலத்தில் மகன் பள்ளியிலிருந்து இப்படி ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்தான். கீழ்த்தள அறை சும்மாதான் கிடந்தது. வரப்போகிறவன் இடக்கை பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன், என்று சொன்னதும் நான் சரி என்றேன், ஏனென்றால் என் மகனும் இடக்கைக்காரன்.

வந்தவன் நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன். கல்லூரி முடித்து, பெரிய லீக் அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இருபதாவது சுற்றுக்கும் கீழே எடுக்கப்பட்டவன். கையெழுத்துப் போட்டதற்கு அவனுக்குக் கிடைத்தது ஐயாயிரம் டாலர். முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவர்களுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்கள் என்று செய்தியில் படிக்கிறோமே, அதெல்லாம் மேலே இருக்கும் சிலருக்கு. ஒரே உடைமாற்று அறையில் அந்தக் கோடீஸ்வரப் பையனும் இவனும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் சட்டை மாட்டுவார்கள்.

அவன் செய்த வேலைக்கு இடக்கை ரிலீவர் என்று பெயர். கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை ஒருமுறை மாற்றினால் அவர் திரும்ப வர முடியாது. அவர் களைத்ததும் அடுத்தடுத்து வருகிறவர்கள்தான் ரிலீவர்கள். மைதான ஓரத்தில் புல்பென் என்று ஒரு தனி இடம், அங்கே ஒரு தொலைபேசி. பயிற்சியாளர் அதில் கூப்பிட்டு "லெஃப்டியை எழுப்பு" என்பார். எதிரணியில் இடக்கை பேட்டர் வரப்போகிறார் என்று பொருள். இடக்கை பிட்சர் வீசும் பந்து இடக்கை பேட்டருக்கு முதுகுப் பக்கமிருந்து கிளம்பி வருவதுபோல் தெரியும். ஸ்லைடர் என்றால் கடைசி நேரத்தில் அவரை விட்டு விலகி ஓடும். வலக்கை பேட்டருக்கு லெக் ஸ்பின் வெளியே திரும்புவதை நினைத்துக்கொண்டால் போதும். ஜனத்தொகையில் பத்தில் ஒருவர்தான் இடக்கை. ஆனால் தொழில்முறை பிட்சர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இடக்கை. இந்தத் தேவையால்தான் அவன் போன்றவர்களுக்கு வேலை.

பகல் இரண்டு மணிக்கே மைதானத்துக்குப் போய்விடுவான். ஆட்டம் ஏழு மணிக்கு. உடம்பை நீட்டி மடக்குவது, கொஞ்ச தூரம் வீசுவது, மற்றவர்கள் பேட்டிங் பழகும்போது பந்து பொறுக்குவது. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒருமுறை பேட் செய்யும், மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும். ஆட்டம் தொடங்கினால் ஐந்தாவது இன்னிங்ஸ் வரை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு தொலைபேசி அடிக்கும். எழுந்து இருபது, இருபத்தைந்து பந்து முழு வேகத்தில் வீசித் தயாராவான். அதற்குள் முன்னால் வீசிக்கொண்டிருப்பவர் எப்படியோ தப்பித்துவிடுவார். "உட்கார்" என்று தகவல் வரும். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்காருவான். ஏழாவது இன்னிங்ஸில் மறுபடி எழுந்திரு. மறுபடி இருபது பந்து. மறுபடி உட்கார். ஆட்டம் முடிந்துவிடும். மறுநாள் பேப்பரில் அவன் பெயர் இருக்காது. புள்ளிவிவரத்தில் அவன் அன்று ஓய்வெடுத்திருப்பான். தோளுக்கு மட்டும் நாற்பத்தைந்து பந்து வீசிய வலி.

அதுதான் கணக்கில் வராத பந்து.

அந்த வருடம் அவர்கள் லீகில் 140 ஆட்டம். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை, ஐந்து மாதத்துக்குள். மிச்சிகன், ஓஹையோ, கென்டக்கி வரை பஸ்ஸிலேயே போய்வருவார்கள். சில நாள் விடிகாலை ஐந்து மணிக்கு வந்து இறங்கி அன்று மாலையே ஆடுவார்கள். அவன் களமிறங்கியது 48 ஆட்டங்களில். எழுந்து தயாரானது தொண்ணூறுக்கும் மேல். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவன் ஒரு நோட்டு வைத்திருந்தான்.

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. வியர்வையில் ஓரமெல்லாம் உப்பியிருக்கும். சமையலறை மேசையில் சாப்பிட்டு முடித்ததும் அதில் எழுதிவிட்டுத்தான் படுக்கப் போவான். தேதி, ஊர், புல்பென்னில் எத்தனை, மவுண்டில் (ஆட்டத்தில் நின்று வீசும் மேடு) எத்தனை, விளையாட்டாய்த் தூக்கிப் போட்டது எத்தனை, மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கை எப்படி இருந்தது. அந்தக் கடைசிக் கட்டம் மறுநாள் காலையில் நிரப்பப்படும். பல் தேய்க்கக் கையைத் தூக்கும்போது முழங்கை சொல்லும் செய்தி பொய் சொல்லாது என்பான். 'இல்லை', 'கொஞ்சம்', 'ஆம்' என்று மூன்றே வார்த்தைகள்தான் அந்தக் கட்டத்தில். 'ஆம்' என்று இரண்டு நாள் சேர்ந்து வந்தால் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவன் தனக்கே போட்டுக்கொண்ட விதி. அந்த விதியை அவன் எப்போதும் கடைப்பிடிக்கவில்லை. மேலே ஏற வேண்டிய வயதில், வலிக்கிறது என்று சொன்னால் தன் இடத்துக்கு இன்னொரு இடக்கைக்காரன் வந்துவிடுவான் என்ற பயம் அவனுக்கு இருந்தது.

அட்டையின் உள்பக்கம் ஜெஸ்ஸி ஒரோஸ்கோவின் படத்தை ஒட்டியிருந்தான். பெரிய லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 1986-இல் நியூயார்க் மெட்ஸுக்காகக் கடைசி பேட்டரை அவுட்டாக்கிவிட்டுக் கிளவுஸை வானத்தில் எறிந்தவர். இடக்கை ரிலீவர். 1979-இல் தொடங்கி 2003 வரை ஆடி, நாற்பத்தாறு வயதில் நிறுத்தினார். மொத்தம் 1,252 ஆட்டம். பெரிய லீக் வரலாற்றில் வேறு எந்த பிட்சரும் அத்தனை ஆட்டத்தில் இறங்கியதில்லை. ஆனால் அவர் வீசிய இன்னிங்ஸ் 1,295 சொச்சம்தான். ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ்! இளமையில் ஆட்டத்தை முடித்துவைக்கும் பெரிய வேலை பார்த்தவர், வயதான பிறகு ஒன்றிரண்டு இடக்கை பேட்டர்களுக்காக மட்டும் வந்து போனார். "இவரைப் போல நாப்பது வயசு வரைக்கும் தினமும் வேலைக்குப் போகணும், அவ்வளவுதான்" என்று ஒருநாள் என் மகனிடம் சொன்னான். நட்சத்திரமாக வேண்டும் என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக ஓர் எண்: 43. என்னவென்று கேட்டேன். பெரிய லீக் அணியில் 43 நாள் இருந்துவிட்டால் ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடுமாம். ஒரே ஒரு நாள் இருந்தால்கூட மருத்துவக் காப்பீட்டில் சேரலாமாம். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள் என்பதால் அந்த எண் எனக்கு வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்தது. இருபத்து மூன்று வயதுப் பையன் நோட்டில் எழுதிவைக்கும் கனவு இப்படிக் கணக்காக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் முதலில் கேட்பது அதைத்தானே. அவன் ஆடிய நிலையில் 2020 வரை குறைந்தபட்சச் சம்பளம் வாரம் 290 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் அவன் கிடங்கில் பெட்டி தூக்கினான்; ஊர்ப் பள்ளியில் மாற்று ஆசிரியராகப் போனான். 2021-இல் அது வாரம் 500 ஆனது. 2022 முதல் தங்குமிடத்தையும் அணிகளே கொடுக்க வேண்டும் என்று வந்தது. அதே ஆண்டு கீழ்நிலை வீரர்களும் பெரிய லீக் வீரர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் ஒப்பந்தம் போட்டபோது, முழு சீசன் ஆடும் நிலைகளில் கடைசிப் படியில் ஆண்டுக்கு 26,200 டாலர், பெரிய லீகுக்கு ஒரு படி கீழே 35,800 என்று நிர்ணயம் ஆனது. அதே 2023-இல் பெரிய லீகில் குறைந்தபட்சம் 7,20,000. ஒரே ஒரு படிதான் வித்தியாசம்! அந்தப் படிக்குக் கீழேதான் ஆயிரக்கணக்கான பையன்கள் நிற்கிறார்கள். சம்பளம் உயர்ந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். எங்கள் கீழ்த்தள அறைக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் ஒரு சின்ன வருத்தம்.

பிள்ளை இடக்கை என்பதால் கல்லூரிக்கு இலவசமாகப் போய்விடலாம் என்ற நம்பிக்கையும் நம்மவர்களிடம் இருக்கிறது. நீண்ட காலம் வரை, கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான முதல் பிரிவில் ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தமே 11.7 பேருக்கான முழு உதவித்தொகைதான் அனுமதி; அதை இருபத்தேழு பேர் வரை பங்கு போட்டுக்கொள்வார்கள். இப்போது விதி மாறியிருக்கிறது என்றாலும் பணத்தை எல்லாக் கல்லூரியும் கொடுத்துவிடப் போவதில்லை. வெளியூர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகும் கிளப் ஒன்று ஒரு கோடைக்கு எங்களிடம் மூவாயிரம் டாலர் கேட்டது. இரண்டு வருடம் கட்டினோம். அந்தப் பணத்தைக் கல்லூரிக்குச் சேமித்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் ஆடட்டும், ஆனால் உதவித்தொகையை எதிர்பார்த்து யாரும் கட்ட வேண்டாம்.

இனி கைக்கு வருகிறேன்.

என் மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இடக்கையால்தான் கிலுகிலுப்பையைப் பிடிப்பான். மாமியார் கும்பகோணத்துக்காரர், "பீச்சாங்கையால சாப்பிடாதேடா" என்று அவர் சொல்லாத நாளில்லை. கரண்டியைப் பிடுங்கி வலக்கையில் கொடுப்பார். எனக்கும் அவருக்கும் இதில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. கீழ்த்தள அறையில் தங்கிய எங்கள் பையன் வந்த பிறகு ஒருநாள் பில்லி வாக்னர் என்ற பிட்சரின் கதையைச் சொன்னான். வர்ஜீனியாவில் ஏழை வீட்டில் பிறந்த வலக்கைப் பிள்ளை. சிறு வயதில் வலது கை உடைந்து, ஆறி, மறுபடியும் உடைந்தது. சும்மா இருக்க முடியாமல் இடக்கையால் வீசிப் பழகினார். அந்த இடக்கையை வைத்துக்கொண்டு பெரிய லீகில் 422 ஆட்டங்களைக் காப்பாற்றி முடித்துக் கொடுத்தார். 2025-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்திலும் சேர்ந்துவிட்டார். வீசுவது இடக்கை, எழுதுவது வலக்கை. மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப போடறதை அந்தக் கையால போடட்டும், சாப்பிடறதை இந்தக் கையால சாப்பிடட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். இன்றுவரை என் மகன் சாப்பிடுவது வலக்கை, வீசுவதும் எழுதுவதும் இடக்கை. பாட்டிக்கும் பேரனுக்கும் இதில் சண்டை இல்லை.

பிள்ளைக்கு முதல் கிளவுஸ் வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். நான் கடையில் "லெஃப்ட் ஹேண்ட் கிளவுஸ்" என்று கேட்டு வாங்கிவந்தேன். அது இடக்கையில் மாட்டுவது, அதாவது வலக்கையால் வீசுகிறவர்களுக்கு. இரண்டு வாரம் என் பிள்ளை பந்தைப் பிடித்து, கிளவுஸைக் கழற்றி, பிறகு இடக்கையால் வீசிக்கொண்டிருந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே எங்கள் பிட்சர் பையன்தான் கண்டுபிடித்தான். தன் பழைய கிளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டான். "லெஃப்ட் ஹேண்ட் த்ரோ" என்று கேளுங்கள். வலது கையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, சின்னப் பிள்ளையிடம் "நீ இடக்கை, நீ பிட்சர்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். இடக்கைக்காரர்களை ஷார்ட் ஸ்டாப்பிலும் மூன்றாம் பேஸிலும் நிறுத்த மாட்டார்கள், அது உண்மை. முதல் பேஸும் வெளிக்களமும் இருக்கின்றன. பெரிய லீகில் பேர் வாங்கிய ரிலீவர்களில் பெரும்பாலோர் சிறு வயதில் எல்லாம் ஆடியவர்கள், பிறகு ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக இருந்தவர்கள். ஆண்ட்ரூ மில்லர் என்ற இடக்கைக்காரரை 2006 டிராஃப்டில் ஆறாவதாக எடுத்தது தொடக்க பிட்சராக ஆடத்தான். அது சரிப்படாமல் ரிலீவராக மாறி, பத்து வருடம் கழித்து 2016-இல் பெரிய லீகின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆனார்.

எங்கள் பையனுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்ப்புறம். இருபத்திரண்டு வயதில் ஒரு பயிற்சியாளர் அவனிடம், கையை மேலிருந்து கொண்டுவராமல் பக்கவாட்டில் கொண்டுவந்து வீசச் சொன்னார். அப்படி வீசினால் இடக்கை பேட்டருக்கு அவன் எமன். வலக்கை பேட்டருக்கோ பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிடும், நன்றாக அடிப்பார்கள். பரவாயில்லை, அந்தக் காலத்தில் ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காக மட்டும் வந்து போகும் வேலை இருந்தது. ராண்டி சோட் என்ற இடக்கைக்காரர் 2015-இல் 71 ஆட்டத்தில் இறங்கி, மொத்தம் 27 இன்னிங்ஸ் சொச்சம்தான் வீசினார். அந்த சீசன் தொடங்கியபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று நம்பித்தான் எங்கள் பையன் தன் கையை மாற்றிக்கொண்டான்.

2019 மார்ச்சில் அறிவிப்பு வந்தது: அடுத்த வருடத்திலிருந்து, உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை, அதாவது எதிரணி பேட் செய்யும் முறையை, முடிக்க வேண்டும். காயம் பட்டால் மட்டும் விலக்கு. ஆட்ட நேரத்தைக் குறைக்க என்றார்கள். அதற்குள் அவன் எங்கள் ஊரை விட்டு, மூன்று படி ஏறி, பெரிய லீகுக்கு ஒரே ஒரு படி கீழே ஆடிக்கொண்டிருந்தான். போனில் பேசும்போது அவன் குரலில் புகார் இல்லை. "வலக்கை பேட்டருக்கு ஒரு பந்து கத்துக்கணும்" என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வலைக்குள் சேஞ்சப், அதாவது வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து, வீசிப் பழகினான். இருபத்தேழு வயதில் புதுப் பந்து கற்றுக்கொள்வது எளிதல்ல. 2020 மார்ச்சில் கொரோனா வந்து பயிற்சி முகாமை மூடினார்கள். வாரம் 400 டாலர் கொடுத்து வீட்டிலிருக்கச் சொன்னார்கள். மே மாதக் கடைசியில் பல அணிகள் நூற்றுக்கணக்கான கீழ்நிலை வீரர்களை விடுவித்தன. அவனும் அதில் ஒருவன். இரண்டு நிமிடப் போன் என்றான். அந்தச் சேஞ்சப்பை ஓர் ஆட்டத்தில்கூட வீசிப் பார்க்க அவனுக்கு வாய்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அவன் உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது.

அவன் விடுவிக்கப்படுவதற்கு ஒரு வருடம் முன்பு, 2019 ஜூன் மாதத்தில், என் மகனுக்கு முழங்கை வலி வந்தது. பன்னிரண்டு வயது. செவ்வாய்க்கிழமை காலை பால் டம்ளரைத் தூக்கும்போது முகம் சுளித்தான். இடது முழங்கையின் உள்பக்கம், எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் விரல் வைத்தால் துடித்தான். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று மென்மையான பகுதி உண்டு. அதை ஒவ்வொரு வீச்சும் இழுக்கிறது, அது வீங்கியிருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "போன வாரம் எத்தனை பந்து வீசினான்?"

நான் உடனே சொன்னேன்: "சனிக்கிழமை 48. விதிப்படி 85 வரைக்கும் வீசலாம்."

விதி எனக்கு மனப்பாடம். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 20 வரை வீசினால் மறுநாளே வீசலாம். 35 வரை ஒரு நாள் ஓய்வு. 50 வரை இரண்டு நாள். 65 வரை மூன்று. அதற்கு மேல் நான்கு. 48-க்கு இரண்டு நாள் ஓய்வு, அதையும் கொடுத்திருந்தோம். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அது ஆட்டத்தில் வீசியது. மொத்தம் எத்தனை?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அன்று இரவு எங்கள் பையனுக்குப் போன் செய்தேன். அவன் ஏதோ ஊரில் பஸ்ஸில் இருந்தான். "பக்கத்துல உக்காருங்க, சனிக்கிழமை காலையிலேருந்து ஒவ்வொண்ணா அவனைக் கேளுங்க" என்றான். மகனோடு அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் ஆட்டத்துக்கு முன் சூடேற்ற 30. ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் எட்டு, மூன்று இன்னிங்ஸுக்கு 24. ஆட்டத்தில் 48. மதியம் இரண்டாவது ஆட்டத்தில் தேவைப்படலாம் என்று எழுந்து தயாராகச் சொல்லியிருக்கிறார்கள், 25, உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடி 25, மறுபடி உட்கார வைத்தார்கள். கூட்டிப் பார்த்தால் 152. வெளிக்களத்திலிருந்து வீசியது, காத்திருக்கும்போது நண்பனோடு தூக்கிப் போட்டது எதுவும் இதில் சேரவில்லை.

இரண்டு கோடைக்காலம் என் வீட்டு மேசையில் ஒருவன் இதையேதான் எழுதிக்கொண்டிருந்தான். மாமியார் தினமும் கேட்டார், கணக்கில் வராததற்கு எதற்கு ஐஸ் என்று. நான் பக்கத்தில் நின்று சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் கையைப் பார்க்கும் கடமை பயிற்சியாளருக்கும் விதிப் புத்தகத்துக்கும் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு. விதி ஆட்டத்தில் வீசியதை மட்டும்தான் எண்ணுகிறது. வீட்டில் இருப்பவர்தான் மற்றதை எண்ண வேண்டும்.

ஆறு வாரம் பந்தைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, முப்பது அடி தூரத்திலிருந்து தொடங்கி. எலும்பு வளர்ந்து முடிந்த பெரியவர்களுக்கு இதே இழுவை எலும்புகளை இணைக்கும் லிகமென்ட்டில் போய் நிற்கும். அது கிழிந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்த டாமி ஜானும் இடக்கை பிட்சர்தான். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவரது வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் தைத்தார். அடுத்த வருடம் முழுக்க ஆடவில்லை. 1976-இல் திரும்பி வந்து, நாற்பத்தாறு வயது வரை வீசினார். இதைக் கேட்டுவிட்டு "ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும், வேகம்கூடக் கூடும்" என்று மைதானத்தில் பேசும் பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். எல்லோரும் டாமி ஜான் இல்லை. 2008-இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஜெயித்து அமெரிக்கா வந்த உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கை நினைவிருக்கலாம். ஈட்டி எறிந்துகொண்டிருந்த இடக்கைக்காரர். பிட்ஸ்பர்க் அணியின் கீழ்நிலை அணிகளில் ரிலீவராக வீசி, 2009-இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். அவருக்கும் பிறகு முழங்கை போனது, அறுவை சிகிச்சை நடந்தது. மேலே ஏற முடியவில்லை. 2018-இல் மல்யுத்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த 2019 கோடையிலிருந்து எங்கள் வீட்டிலும் நோட்டு இருக்கிறது. நாற்பது பக்க நோட்டுதான். ஐந்து கட்டம்: தேதி, ஆட்டத்துக்கு முன், ஆட்டத்தில், மற்றவை, மறுநாள் காலை. பன்னிரண்டு வயது வரை நான் எழுதினேன். அதன் பிறகு அவனே எழுதுகிறான். பிள்ளையே எழுதினால்தான் வலியை மறைக்காமல் இருப்பான். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளரிடம் ஒன்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவிடுவோம்: "ஒருமுறை எழுந்து தயாராகி உட்கார்ந்தால், அன்று அவனுக்கு அதோடு முடிந்தது." ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். அந்த அணியிலிருந்து விலகிவிட்டோம். வருடத்தில் நான்கு மாதம் அவன் வீசுவதே இல்லை, அதில் மூன்று மாதம் தொடர்ச்சியாக. இளம் பிட்சர்களுக்காகப் பெரிய லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்டிருக்கும் வழிகாட்டியிலும் இதுதான் இருக்கிறது. குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடுகிறான்.

எங்கள் பையன் நெப்ராஸ்காவில் இப்போது பள்ளி ஆசிரியன், அந்தப் பள்ளி அணிக்குப் பயிற்சியாளரும் அவன்தான். 43 நாளில் ஒரு நாள்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. மாமியார் ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் பேரனுக்கு அடுத்து அவனைத்தான் விசாரிப்பார்.

அயோவாவில் பள்ளிகளின் பேஸ்பால் கோடையில்தான் நடக்கும். 2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை, பதினேழு வயது மகன் தன் பள்ளிக்காக ஐந்து இன்னிங்ஸ் வீசிவிட்டு வந்து, தோளில் ஐஸோடு அதே மேசையில் உட்கார்ந்து அவனுக்கு வீடியோ கால் போட்டான்.

"எத்தனை?"

"62."

"அதைக் கேக்கல. மொத்தம்?"

மகன் நோட்டைப் பார்த்தான். "131."

"வழிகாட்டி மூணு நாள் சொல்லும். நீ நாலு நாள் எடு. வியாழக்கிழமை காலையில பல் தேய்ச்சுட்டு எனக்கு மெசேஜ் பண்ணு."